ஒரு பவுண்டு தானியம்

ஒரு பவுண்டு தானியம். அதோடு சிறிது காசு. நாள் முழுவதும் மண் வெட்டி, கல் உடைத்து, கூடை சுமக்கும் ஆண்மகனுக்கு இது போதும் என்று 1877 சனவரியில் தீர்மானித்தார் ஒரு துரைமகன். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதனினும் குறைவு. தீர்மானித்தவர் பட்டினி கிடந்து பார்த்தவரல்லர். விக்டோரியா அரசியாரை இந்தியாவின் சக்கரவர்த்தினி எனப் பறைசாற்றிய பெருவிழா அவ்வாண்டு சனவரி முதல் நாள் டெல்லியிலே நடந்தது, விருந்துகள் நடந்தன, வெடிகள் முழங்கின. அந்த ஆரவாரம் அடங்கிய கையோடு வைசிராய் லிட்டன் பிரபுவால் தெற்கே அனுப்பப்பட்டவர் அவர். பெயர், சர் ரிச்சர்டு டெம்பிள். டெம்பிள் என்றால் கோயில்! அந்தக் கோயிலிலே கிடைத்த பிரசாதம்தான் ஒரு பவுண்டு.

பஞ்சத்துக்குத் தமிழ் மக்கள் வைத்த பெயர் தாது வருடப் பஞ்சம். பாட்டிமார் வாயிலே கதையாகவும், கும்மியாகவும் அது நெடுநாள் உலவிற்று. பழங்கதையை இன்று ஏன் கிளறுகிறாய், பஞ்சம் போய்விட்டதே, கூப்பன் கடையிலே அரிசி கிடைக்கிறதே என்று கேட்பீர்கள், தோழர்களே. கேளுங்கள். கேட்டுவிட்டு, சைதாப்பேட்டைக்கு என்னோடு வாருங்கள்.

அங்கே என் தமக்கையின் வீடு. கடைத்தெருவை அடுத்த சந்து. அந்த வீட்டுக் குளிர்பெட்டியின் கதவிலே ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. காலையில் இது, நண்பகலில் இது, இரவில் வெள்ளரிக்காய், ஆக மொத்தம் 1,200 கலோரி என்று அச்சடித்த தாள். உடற்பயிற்சிக் கூடமொன்றிலே கொடுத்தது. யாருக்கு? தமக்கையின் மகளுக்கு. வயது 19. கல்லூரி மாணவி. அவளை யாரும் மண் சுமக்கச் சொல்லவில்லை. எனினும், நாளொன்றுக்கு அவளுக்கு வகுக்கப்பட்ட உணவு, டெம்பிள் துரை கூலிக்காரனுக்கு வகுத்ததைவிடக் குறைவு!

வீம்புக்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டே சொல்லுகிறேன். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அத்தனை கிராம் அரிசியிலே இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1,600 கலோரி. துரை 1,600 தந்தார். தாள் 1,200 தந்தது. துரையின் அளவைக் கொடுமை என்று வரலாறு எழுதிற்று. தாளின் அளவை நாம் அழகு என்று கூறுகிறோம்.

அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்த்திட வேண்டும்.

1876இல் மழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் பகுதிகள் எல்லாம் காய்ந்தன. மழை பொய்த்ததற்கு வானம் பொறுப்பு. தானியம் ஏறுமதியானதற்கும் விலை விண்ணுக்கேறியதற்கும் வானமா பொறுப்பு? வாணிகத்திலே அரசு தலையிடலாகாது என்று ஒரு கொள்கை. புதிய புகைவண்டிப் பாதைகள் தானியத்தைக் கொண்டு வந்த அளவுக்கு, விலை கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்கு அள்ளிக்கொண்டும் போயின. ஊரூராக மக்கள் புறப்பட்டுச் சென்னையை நோக்கி நடந்தனர். செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் கச்சேரி அந்நாளில் சைதாப்பேட்டையிலேதான் இருந்தது. விளைச்சலைப் பெருக்கும் வழிகளை ஆராயவென்று வெள்ளையர் அமைத்த பண்ணையும், 1868இல் தோன்றிய வேளாண் பள்ளியும் அதே சைதாப்பேட்டையில்தான். இன்று கோவையிலே பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்பது அந்தப் பள்ளி. 1906இல் அங்கே பெயர்ந்தது. பயிரின் பசியை அளந்தறியும் பள்ளி ஒருபுறம். மனிதனின் பசியை அளக்கும் கச்சேரி மறுபுறம்! அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாய்ப் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக நடந்தது. அந்நாளைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரைக் கால்வாய் பெற்றது. வெட்டியவர் பெயரை எந்தக் கல்லும் பெறவில்லை.

டெம்பிள் இயல்பாகக் கொடியவர் என்று கூறிவிட்டால் எளிது. அப்படியும் கூறுவதற்கில்லை. 1874இல் பீகாரிலே பஞ்சம் தோன்றியபோது, பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக வரவழைத்து, தாராளமாக வழங்கி, சாவைத் தடுத்துக் காட்டியவரே இவர்தான். பாராட்டா கிடைத்தது? ஊதாரி என்ற ஏச்சுக் கிடைத்தது. கறுப்பன் வயிற்றுக்கு இவ்வளவு செலவா என்று இலண்டனிலே முணுமுணுத்தனர். மனிதர் பாடம் கற்றுக்கொண்டார்! மூன்றாண்டு கழித்துச் சென்னைக்கு வந்தபோது, முன்பு தாம் செய்த நன்மைக்குக் கழுவாய் தேடுபவர்போல நடந்தார். சென்னை அரசு ஒன்றரைப் பவுண்டு கொடுத்துக்கொண்டிருந்தது. அதை ஒரு பவுண்டாக வெட்டினார். சோதித்துப் பார்ப்போம் என்றார். சோதனை! எலிகள்மீதன்று, எம் பாட்டன் பாட்டிமார்மீது.

பம்பாய் மாகாணத்திலே இந்தக் கூலியை ஏற்க மறுத்து, நிவாரண வேலைகளை விட்டே மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். சாகிறவன் வேலைநிறுத்தம் செய்தான் என்பது உலக வரலாற்றிலே அடிக்கடி காணக்கூடிய செய்தியன்று.

சென்னையிலே எதிர்த்தவர் ஒரு மருத்துவர். டபிள்யூ. ஆர். கார்னிஷ். மாகாணத்தின் சுகாதார ஆணையர். வெள்ளையர்தான், அரசு ஊழியர்தான். 1871ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் குடிக்கணக்கு அறிக்கையை எழுதியவர் அவரே. ஆக, எத்தனை பேர் இருந்தனர் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை பேர் இல்லாமற்போகின்றனர் என்பதும் தெரிந்தது. டெம்பிள், மார்ச்சு மாதத்தில் குறிப்புரைகள் எழுதித் தம் அளவை நியாயப்படுத்தினார். கார்னிஷ் மறுப்புரை எழுதி வெளியிட்டார். தானியம் மட்டும் உணவாகாது, பருப்பு வேண்டும், காய்கறி வேண்டும்; சும்மா கிடப்பவனின் உயிரைப் பிடித்து வைக்கும் அளவு வேறு, உழைப்பவனுக்கு வேண்டிய அளவு வேறு; சிறையிலே கைதிக்குக் கிடைப்பதே இதனினும் மிகுதி என்பது அவர் வாதம். கண்ணால் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்பது துரையின் போக்கு. நிறுத்துப் பார், எண்ணிப் பார், இறந்தவர் கணக்கைப் பார் என்பது மருத்துவரின் போக்கு. மே மாதத்திலே சென்னை அரசு அந்த ஒரு பவுண்டைக் கைவிட்டது. அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது. பஞ்சம் முடிந்தபோது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மாண்டவர் 55 இலட்சம் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தராசு இருவர் கையிலும் இருந்தது. குறைப்பதற்காக நிறுத்தவர் ஒருவர். கூட்டுவதற்காக நிறுத்தவர் ஒருவர். தராசு குற்றமற்றது. அதை ஏந்தும் கை எதற்காக ஏந்துகிறது என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

அதே பஞ்சத்திலே இன்னொரு கருவியும் வந்தது. நிழற்படக் கருவி. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற படை அதிகாரி, எலும்பும் தோலுமாய் நின்ற மக்களை, தாயும் பிள்ளையும் கிழவனுமாக வரிசையில் அமரவைத்துப் படம் பிடித்தார். அந்தப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. விலா எலும்பை எண்ணலாம். நிழற்படம் என்ற புதுமை நம் நாட்டில் வேரூன்றிய காலத்திலே, தமிழ் ஏழையின் உடல் உலகுக்குக் காட்சியானது இப்படித்தான்: பெயரில்லை, ஊரில்லை, உடல் மட்டும், பார்ப்பவன் கண்ணுக்காக நிறுத்தி வைக்கப்பட்ட உடல். உடலைப் பிறர் கண்ணால் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் படங்களே நினைவுக்கு வருகின்றன. இன்று படம் எடுப்பவரும் நாமே, நிற்பவரும் நாமே, குறை காண்பவரும் நாமே!

சென்னையிலே சோறில்லாமல் செத்த காலத்துக்குச் சற்று முன்பு, இலண்டனிலே சோறிருந்தும் உண்ணாமல் மெலிந்த பெண்களை மருத்துவர் வில்லியம் கல் கண்டு ஆராய்ந்தார். 1873இல் அந்த நோய்க்கு அவர் இட்ட பெயர் அனோரெக்சியா நெர்வோசா. அதற்கும் பத்தாண்டு முன்பு, 1863இல், வில்லியம் பேண்டிங் என்ற சவப்பெட்டி வாணிகர், தாம் உடல் இளைத்த முறையைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். பேண்டிங் என்பதே உடல் இளைப்பதற்குப் பெயராகும் அளவுக்கு நூல் பரவிற்று. இளைக்கச் சொன்ன முதல் புகழாளர் சவப்பெட்டி விற்றவர் என்பதை நான் இட்டுக்கட்டவில்லை, ஐயா!

இனி, அமெரிக்காவுக்குப் போவோம். 1944 நவம்பர். மின்னசோட்டா பல்கலைக்கழகம். உலகப் போர் முடியும் தறுவாய்; ஐரோப்பாவிலே பட்டினி. பட்டினி கிடந்தவர்க்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்றறிய, ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். போரிலே ஆயுதம் ஏந்த மனச்சான்று இடங்கொடாத இளைஞர் 36 பேர் தாமாக முன்வந்தனர். உடல் நலமும் மன உறுதியும் வாய்ந்தவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முதல் 12 வாரம், நாளுக்கு ஏறத்தாழ 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் அதிலே பாதி. எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 1,570 கலோரி!

டெம்பிள் துரையின் ஒரு பவுண்டு, கடல் கடந்து, 67 ஆண்டு கடந்து, அறிவியலாளரின் ஆய்வுக்கூடத்திலே மறுபடி வந்து நிற்கிறது பாருங்கள். துரை அதற்குக் கூலி என்று பெயரிட்டார். கீஸ் அதற்கு அரைப்பட்டினி என்று பெயரிட்டார்.

என்ன ஆயிற்று அந்த இளைஞர்களுக்கு? உடல் நிறையிலே கால்பங்கு போயிற்று. அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது மனத்திலே நடந்தது. கலை, அரசியல், காதல் பேசியவர்கள் உணவைத் தவிர வேறெதையும் பேசாராயினர். சமையற் குறிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தனர். ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் தடவித் தடவித் தின்றனர், தட்டை நக்கினர். எரிச்சல், சோர்வு, தனிமை. கோடையிலும் குளிரிற்று. இளைத்துக் கிடந்த சிலருக்கு, நல்ல உடம்போடு நடமாடும் மற்றவர்கள் பருத்தவர்களாகத் தோன்றினர்! ஒருவர் கோடரியால் தம் விரல்களையே வெட்டிக்கொண்டார். பட்டினி முடிந்து உணவு வந்த பின்னரும் தொல்லை தீரவில்லை. வயிறு நிறைந்தும் பசி அடங்காமல், உண்டு உண்டு நோயுற்றவர் உண்டு. இழந்த கொழுப்பு, முன்னிருந்த அளவையும் தாண்டித் திரும்பி வந்தது. 1950இல் வெளியான இரு பெருந்தொகுதிகளிலே இவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், சைதாப்பேட்டை.

தமக்கை என்னிடம் முறையிட்டிருந்தாள்: "தம்பி, இவள் சாப்பிடுவதில்லை, ஆனால் விடிய விடியக் கைப்பேசியிலே யாரோ சமைப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிரியாணி, கேக்கு, கறிக்குழம்பு. பார்ப்பாள், பார்ப்பாள், தொடமாட்டாள். பிறகு ஒரு நாள் நள்ளிரவிலே அடுக்களையில் சத்தம் கேட்டு எழுந்து போனால், இருட்டிலே நின்றுகொண்டு, பழைய சோற்றைப் பானையோடு அள்ளித் தின்கிறாள். என்னைக் கண்டதும் அழுதாள்." முடி கொட்டுவதும், மயக்கம் வருவதும், மே மாத வெயிலிலே போர்வை கேட்பதும், மாதப்போக்கு நின்றதும் பிறகே தெரிந்தன. பேயோ பிசாசோ என்று வேப்பிலை அடிக்கச் சொன்னார் ஓர் உறவினர். மனக்கட்டுப்பாடு போதவில்லை, திருட்டுத்தீனி தின்கிறாள் என்றார் இன்னொருவர். வேப்பிலைக்காரரைவிட இரண்டாமவர்மீதே எனக்குக் கோபம் மிகுதி. மின்னசோட்டாவில் 36 பேருக்கும் மனக்கட்டுப்பாடு இல்லையா? கொள்கைக்காக உலகையே எதிர்த்து நின்றவர்களன்றோ அவர்கள்!

பட்டினி கிடந்த உடல் உணவைத் தேடுவது ஒழுக்கக்கேடன்று, உடல் செய்யும் கடமை. மூச்சை அடக்கியவன் அடுத்த மூச்சை வாங்கும்போது ஆழ வாங்குகிறான். அவனைப் பேராசைக்காரன் என்று யார் ஏசுவார்? சீத்தலைச் சாத்தனார் இதை அறிந்திருந்தார் என்றே எண்ணுகிறேன். மணிமேகலையிலே காயசண்டிகை என்றொருத்தி. எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ நோய் அவளுக்கு. முனிவரின் சாபத்தால் வந்தது என்பது அக்காலத்துக் கற்பனை, அதைத் தள்ளிவிடுவோம். மருந்து என்ன என்று பார்ப்போம். நோன்பில்லை, மந்திரமில்லை, அடக்கிக்கொள் என்ற உபதேசமில்லை. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அவளுக்குச் சோறிட்டாள். பசி தணிந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கீஸைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. இன்று மருத்துவமனையிலே, பயிற்சிக் கூடத்திலே, காப்புறுதி அலுவலகத்திலே எங்கு போனாலும் உடற்பருமன் எண் என்று ஒன்று கேட்கிறார்களே, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது, அதற்கு இன்றைய ஆங்கிலப் பெயரை 1972இல் இட்டவர் அவரே. சூத்திரத்தைக் கண்டவர் அவரல்லர். பெல்ஜிய நாட்டு வானியல் அறிஞர் அடால்ப் கெத்தலே. 1830களிலே. விண்மீன்களை அளந்தவர், மனிதரையும் அளந்து, சராசரி மனிதன் என்ற ஒருவனைக் கணக்கிலே படைக்க முயன்றார். அவர் அளந்தது ஐரோப்பியரை. மக்கள்தொகையின் போக்கை அறியத்தான் அந்த எண்ணே ஒழிய, இவள் நலமானவளா, இவன் நோயாளியா என்று ஆளைத் தனியே நிறுத்தித் தீர்ப்புச் சொல்லவன்று. எலும்பின் எடையும், தசையின் எடையும், கொழுப்பின் எடையும் அதற்கு ஒன்றே. எல்லைக்கோடும் கல்லிலே செதுக்கியதன்று: 1998இல் அமெரிக்க அரசு கோட்டை 25க்கு இறக்கியது; முதல் நாள் இரவு சரியான எடையோடு படுத்த இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் மறுநாள் பருத்தவராக எழுந்தனர்! ஆசிய மக்களுக்கு 23 என்ற அளவையும் பார்க்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறிற்று. அதற்கும் காரணம் உண்டு, நம்மவர்க்கு மெலிந்த உடலிலும் நீரிழிவு வருகிறது. மறுக்கவில்லை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவர் சொல்லும் உணவுமுறையைக் கைவிடச் சொல்லுகிறேன் என்று எவரும் திரித்துக்கொள்ள வேண்டா. இரத்தத்தைச் சோதித்து நோயைக் கண்டறிவது மருத்துவம். தெருவிலே போகிறவளைக் கண்ணால் பார்த்து நோயாளி என்பது டெம்பிள் துரைத்தனம்.

புகைவண்டி நிலையங்களிலே முன்பு ஒரு பொறி நின்றது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மேலே ஏறி நின்று காசு போட்டால், வண்ண விளக்குகள் சுழன்று, ஒரு சிறு அட்டை விழும். ஒரு பக்கம் எடை. மறுபக்கம் சோதிடம்! "உனக்கு நற்காலம் வருகிறது" என்பதுபோல ஏதோ அச்சிட்டிருக்கும். நம் பகுத்தறிவு இளைஞர்கள் மறுபக்கத்தைக் கண்டு நகைத்தனர், சரிதான். முன்பக்கத்திலே இருந்த எண்ணைத் தன் விதியென்றே நம்பி, காலையிலே அதைப் பார்த்து முகம் மலர்ந்தும் முகம் வாடியும் அந்த நாளையே முடிவுசெய்கிற இன்றைய வழக்கத்தைக் கண்டு யாரும் நகைப்பதில்லை. நாளும் கோளும் பார்ப்பதை விட்டோம். நாளும் கிலோவும் பார்க்கிறோம்.

உணவைக் கொண்டு மனிதனைத் தரம் பிரிப்பது நமக்கு மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கன்று. ஊர்ச்சரக்கே நிரம்ப இருந்தது. யார் உண்டது, யார் பார்க்க உண்டது, யாரோடு உண்டது, ஊன் உண்டதா இல்லையா என்று பார்த்தே மனிதனுக்கு மேல் கீழ் வகுத்த நாடு இது. சேரன்மாதேவி குருகுலத்திலே பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து 1924-25இல் எழுந்த கிளர்ச்சியும், 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலே உணவுவிடுதிப் பலகையிலிருந்த பிராமணாள் என்ற சொல்லை அகற்ற நடந்த மறியலும் நீங்கள் அறிந்தவை, விரிக்க வேண்டியதில்லை. பெண்ணுக்கோ இன்னும் ஒருபடி மேல். கணவனுக்காக ஒரு நோன்பு, கணவன் கிடைக்க ஒரு நோன்பு, கணவன் போனபின் ஒருவேளை உணவு! பசியை அடக்குபவளே நல்லவள், கேட்டுத் தின்பவள் தின்னிப்பண்டாரம். அடுக்களையில் நின்று பரிமாறிவிட்டு, மிஞ்சியதை உண்பவள் குலமகள். இந்த மண்ணிலே விதைத்துத்தான் 1,200 கலோரித் தாள் இவ்வளவு செழிப்பாக முளைத்தது. முன்பு புண்ணியத்துக்காகப் பட்டினி. இன்று இடுப்பளவுக்காகப் பட்டினி. பட்டினி கிடப்பவள் மட்டும் மாறவில்லை.

நம் படவுலகம் வேறு. ஓமக்குச்சி நரசிம்மன் என்றும், குண்டு கல்யாணம் என்றும், மனிதரின் உடலையே பட்டப்பெயராக்கி நகைக்கச் சொல்லித் தந்தது. நாமும் நகைத்தோம், நானும் நகைத்திருக்கிறேன். சிவப்பாக்கும் களிம்பு ஒன்று 1975இல் வந்தது; 2020இல்தான் தன் பெயரிலிருந்து அந்தச் சிவப்பை எடுத்துவிட்டது. களிம்பு போகவில்லை.

கேழ்வரகுக் கூழைப் பற்றி ஒரு சொல். ஏழை வீட்டு உணவு என்று அதை மறைத்து மறைத்துக் குடித்த தலைமுறை எங்களுடையது. பள்ளியிலே, என்ன சாப்பிட்டாய் என்று ஆசிரியர் கேட்டால் இட்டிலி என்று பொய் சொல்வோம். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடிற்று. அதே கேழ்வரகு இன்று அடையாற்றிலே கண்ணாடிக் குடுவையில், யானை விலை குதிரை விலைக்கு விற்கிறது. உணவிலே என்ன மாற்றம்? ஒன்றுமில்லை. வெட்கத்தைச் சுமப்பவர் யார் என்பதுதான் மாறியிருக்கிறது. இப்போது சோறு உண்பவன் வெட்கப்பட வேண்டுமாம்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வழியும் இதே சென்னையிலேதான் தோன்றிற்று. 1920இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு கொடுக்கத் தீர்மானமாயிற்று. பிள்ளைக்கு ஓரணா. பிறகு செலவு மிகுதி என்று வெள்ளை அரசு தடுத்தது. அந்தக் குரல் நமக்குப் பழகிய குரல்தானே! 1956இல் காமராசர் மாநிலமெங்கும் பள்ளியிலே உணவிட்டார். 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு ஒரு திட்டம் வந்தது: குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை குன்றிய குழந்தைக்கு மட்டும் சத்துணவு. கணக்குப்படி சிக்கனம். 1982 சூலையிலே எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமோ, வந்த பிள்ளைக்கெல்லாம் இட்டது. வீண்செலவு என்றனர் பொருளாதாரம் படித்தவர் பலர். 1989இல் கலைஞர் ஆட்சியிலே முட்டை சேர்ந்தது. 2010இல் அது வாரம் ஐந்தாயிற்று. 2022 செப்டம்பரிலே காலைச் சிற்றுண்டியும் வந்தது. இந்தத் தட்டுகளின் முன்னே அமரும் பிள்ளையிடம், நீ இதற்குத் தகுதியானவளா, உன் இடுப்பளவு என்ன என்று எவரும் கேட்பதில்லை. பசித்தாயா, வா, உட்கார். அதே பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போனதும் அந்தத் தட்டு எப்படிப் பகையாயிற்று?

என் தமக்கை மகளிடம் அந்தத் தட்டைத் திரும்பக் கொண்டு சேர்க்க ஏழெட்டு மாதம் பிடித்தது. மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். வெட்கப்படவில்லை, காய்ச்சலுக்குப் போகிறோம், இதற்குப் போகலாகாதா? உயிரைப் பறிக்கும் மனநோய்களுள் உணவு மறுப்பு முன்வரிசையில் நிற்பது என்று அந்த அம்மையார் விளக்கினார். அவர் சொன்ன முறை வியப்பாக இருந்தது. எதையும் விலக்கவில்லை. மூன்று வேளை உணவு, இடையே இரு வேளை சிற்றுண்டி. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் முதலில் அந்த நேரத்துக்கு உண்க என்றார். பட்டினி கிடந்த உடலிலே பசியின் மணி பழுதடைந்திருக்கும். ஒழுங்காக உணவு வந்தால்தான் அது மீண்டும் சரியாக அடிக்கும் என்றார். எடைப்பொறி வீட்டிலே வேண்டா என்றார். அவளுடைய எடையைப் பார்க்க வேண்டியபோது மருத்துவரே பார்த்தார்; எண்ணை அவளுக்குச் சொல்லவில்லை. "இளைத்துவிட்டாயே", "பூசினாற்போல் இருக்கிறாயே", இரண்டையும் உறவினர் வாயெடுக்கக் கூடாது என்பது கட்டளை. முதலாவதைவிட இந்தக் கடைசிக் கட்டளைதான் நடத்தக் கடினமாக இருந்தது. தமிழன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சொல்வதே அதுதானே!

அமெரிக்காவிலே ஈவ்லின் டிரிபோல், எலிஸ் ரெஷ் என்ற உணவியலார் இருவர் 1995இல் எழுதிய நூலொன்று, பசியும் நிறைவும் சொல்வதைக் கேட்டு உண்ணும் இந்த முறையைப் பரப்பிற்று. அதற்கும் முன்பே, 1959இல், ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற மருத்துவர், உணவைக் குறைத்து இளைத்தவருள் பெரும்பாலோர் அந்த எடையிலே நிற்பதில்லை என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். புதுமைதான், ஆனால் முற்றும் புதுமையா? மருந்து என்று ஓர் அதிகாரம் வள்ளுவர் எழுதியிருக்கிறார். நோயை ஓட்ட அவர் சொல்லும் அளவுகோல்களுள் இரண்டு: முன் உண்டது செரித்ததா, இப்போது நன்றாகப் பசிக்கிறதா. பத்துப் பாக்களிலும் தேடிப் பாருங்கள். இடுப்பளவு இல்லை, நோன்பு இல்லை.

சென்ற மாதம் சைதாப்பேட்டைக்குப் போயிருந்தேன். காலை எட்டு மணி. குளிர்பெட்டிக் கதவிலே தாள் ஒட்டியிருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் இருந்தது. எடைப்பொறியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்களாம்; முப்பது ரூபாய் கொடுத்தானாம். கடைத்தெருவிலிருந்து வடைகறி வாங்கி வந்திருந்தார் மாமா. சைதாப்பேட்டை வடைகறி, தோழர்களே, ஊருக்கே பெயர் வாங்கித் தந்த பண்டம். மிஞ்சிய வடையை வீணாக்க மனமில்லாத எவருடைய கைப்பக்குவமோ! அவள் நான்கு இட்டிலி வைத்துக்கொண்டாள். உண்டாள். நடுவிலே நிறுத்தித் தட்டைப் பார்த்தாள். கை சற்று நடுங்கிற்று. நான் பாராததுபோல் நாளிதழைப் புரட்டினேன்.

"மாமா, அந்தப் பஞ்சக் கதையை எழுதப் போகிறேன் என்றீர்களே, எழுதிவிட்டீர்களா?" என்றாள்.

"இன்னும் இல்லையம்மா."

"எழுதும்போது என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்," என்று கூறிவிட்டு, வடைகறிக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.